காற்று திரும்பும் வழி

மஸ்கட்
6-1-1995

அன்புத் தங்கை சித்ராவுக்கு,

அண்ணன் தாணுமாலையன் எழுதுவது. இங்கே இப்போது குளிர். ஊருக்கெல்லாம் ஏசி மாட்டி வயிறு வளர்க்கிறவன் கம்பளியைப் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். இதை உன் மதினியிடம் சொல்லிவிடாதே, மகளையும் கூப்பிட்டு வைத்துச் சிரிப்பாள்.

உங்கள் கல்யாண மண்டபத்துக்கு வாங்கிய மெஷின் மெட்ராஸில் லாரி ஏறிவிட்டது. இது சன்னலில் மாட்டுகிற சாதி இல்லை. கம்ப்ரசர், விசிறி, குழாய் எல்லாம் ஒரே இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். பெட்டி வெளியே, மொட்டைமாடித் தட்டட்டியில், வெயிலிலும் மழையிலும் கிடக்கும். அங்கிருந்து காற்று போகிற தகரக் குழாய்கள், டக்ட் என்போம், மண்டபத்துக்குள் இறங்கும். ஒன்று குளிர்ந்த காற்றைக் கொண்டுவந்து விடும். இன்னொன்று உள்ளே இருக்கிற காற்றை இழுத்துத் திரும்பப் பெட்டிக்குக் கொண்டு போகும். அப்படி இழுக்கிற வாய்க்கு ரிட்டர்ன் என்று பெயர். அதை வாசல் பக்கத்துச் சுவரில், மேடைக்கு நேர் எதிரே, சிவப்புப் பென்சிலில் குறித்திருக்கிறேன். மற்றது எதையும் முன்னே பின்னே நகர்த்திக்கொள்ளுங்கள், அதை மட்டும் மாற்ற வேண்டாம். மேடையில் ஓமம் வளர்ப்பார்கள் அல்லவா? வாய் அந்தப் பக்கம் இருந்தால் புகையை இழுத்து எல்லோருக்கும் பரிமாறிவிடும். இங்கே நாங்கள் போடுகிற மண்டபங்களில் அக்கினி கிடையாது. அதனால் எனக்கே முதலில் தோன்றவில்லை, வரைபடத்தை இரண்டாவது தடவை போடும்போதுதான் உறைத்தது.

உன் மாமியாருக்கு இளைப்பு உண்டு, கல்யாண நாட்களில் மண்டபத்து மாடி அறையில்தான் படுப்பார்கள் என்று எழுதியிருந்தாய். அந்த அறைக்கென்று ஒரு கிளை டக்ட் சேர்த்திருக்கிறேன். அது அத்தைக்கு என் அன்பளிப்பு என்று சொல். வேலையைக் கொம்பையா பார்த்துக்கொள்வான். இங்கே என் கூட டக்ட் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன், கை சுத்தம்.

ஒரு சங்கதி. டவுனில் ஜவுளிக்கடை வைத்திருக்கிற மதார் அண்ணாச்சி, உங்கள் மண்டபம் நன்றாக அமைந்தால் தன் கடைக்கும் என்னையே போடச் சொல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறார். பிறகு எனக்கு மஸ்கட் எதற்கு? ஆடிக்குள் இங்கே முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிடலாம் என்று இருக்கிறேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் என்னைப் பற்றிக் கேட்டதற்கு ‘போன்ல பேசுத அப்பா’ என்றாளாம். போதும் இந்தப் பிழைப்பு.

மாப்பிள்ளை கணேஷ்ராமுக்கு என் அன்பு.

உன் அண்ணன்,
தாணுமாலையன்


சிவமயம்
பாளையங்கோட்டை
20-2-1995

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை சித்ரலேகா வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. உங்கள் பூதம் தட்டட்டி ஏறிவிட்டது.

செயின் போட்டுத் தூக்கிய அன்றைக்குத் தெருவே மண்டபத்து வாசலில் நின்றது. பஸ்ஸை நிறுத்தி டிரைவர் வேடிக்கை பார்த்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் பெட்டி ஒரு சுற்றுச் சுற்றியதும் அத்தை ‘முருகா’ என்று போட்ட சத்தத்தில் கொம்பையா செயினை விட்டுவிடுவானோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. மேலே போய் ரப்பர் கட்டையின் மேல் உட்கார்ந்த பிறகு, “ஏட்டி, கல்யாணத்துக்கு வந்தவுகளையெல்லாம் ஐஸ் ஆக்கி அனுப்பப் போறானா ஒங்க அண்ணன்?” என்று கேட்டார்கள். கேலிதான், ஆனாலும் பெருமை தாங்கவில்லை. தன் அறைக்குத் தனி டக்ட் என்பதை வருகிற போகிற எல்லோரிடமும் சொல்லியாகிவிட்டது.

பந்தி போடுகிற இடம் முழுக்கத் தகரம். அடிக்கிற சத்தத்தில் ஒருவர் பேச்சு ஒருவருக்குக் கேட்கவில்லை. டக்ட்டுக்குள் ஒரு பூனை போய்ப் படுத்துக்கொண்டது. கொம்பையா கருவாடு கேட்கிறான். சைவ வீட்டில் கருவாட்டுக்கு எங்கே போக? தயிர்ச்சாதம் வைத்துப் பார்த்தோம். பூனை எங்களை மதிக்கவே இல்லை, அதாகப் பசித்தபோது வந்தது.

எல்லாம் நீங்கள் வரைந்தபடிதான். ஒன்றை மட்டும் மாற்ற வேண்டியதாகிவிட்டது. ரிட்டர்னுக்கு நீங்கள் சிவப்பில் குறித்த இடம் எது தெரியுமா? மண்டபத்தைக் கட்டிய மாமா படம் மாட்டியிருக்கிறதே, சரியாக அங்கே. கொம்பையா படத்தை இறக்க ஏணி போட்டதும் அத்தை ஏணியைப் பிடித்துக்கொண்டார்கள். “தாலி கட்டுன கையோட பொண்ணும் மாப்பிள்ளையும் மேடையில இருந்து அவுகளப் பாத்துத்தான் கும்பிடுதாக. அவுக நெஞ்சுல ஓட்டையப் போட்டு எனக்குக் குளிரு வேண்டாம்” என்றார்கள். உங்கள் மாப்பிள்ளை ஜெனரேட்டர் விஷயமாக மதுரைக்குப் போயிருந்தார்கள். கொம்பையா என்னைப் பார்த்தான். அத்தையும் என்னைப் பார்த்தார்கள். மேடைப் பக்கமே வைத்துவிடு என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் புகையைப் பற்றி எழுதியிருந்தது நினைவிருக்கிறது. கொஞ்சம் ஓமப்புகை என்ன செய்துவிடப் போகிறது என்று நினைத்தேன். சரிதானே அண்ணா?

உங்கள் தங்கை,
சித்ரா


பாளையங்கோட்டை
8-3-1995

அண்ணா,

உங்கள் மாப்பிள்ளை போனில் பாதிதான் சொல்லியிருப்பார்கள். மீதியை நான்தான் எழுத வேண்டும்.

ஏசி போட்ட பிறகு முதல் கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. எங்கள் சொந்தத்திலேயே. வந்தவர்கள் எல்லோரும் நிமிர்ந்து டக்ட்டைப் பார்த்துக்கொண்டே நடந்து ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டார்கள். அத்தை வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்றுவிட்டு, களைத்துப்போய் மாடி அறையில் படுத்தார்கள். குளிர் வெளியே போகாமல் இருக்கச் சன்னல் எல்லாம் சாத்தினோம். அத்தை அறைச் சன்னலைச் சாத்தியது நான்.

சமித்துக் குச்சி ஈரமாக இருந்ததோ என்னவோ, ஓமம் புகைந்துகொண்டே இருந்தது. மண்டபத்தில் கண் கொஞ்சம் கரித்தது, அவ்வளவுதான். புகை மேடைக்குப் பக்கத்து வாய்க்குள் நூல் பிடித்தமாதிரி போவதை நான் பார்த்தேன் அண்ணா. பார்த்துக்கொண்டு நின்றேன். போகிற புகை எங்கேயாவது வந்துதானே ஆக வேண்டும் என்று மங்களவாத்தியம் முடிகிற வரைக்கும் எனக்குத் தோன்றவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தால், கிளை டக்ட் வழியாக வந்த புகையில் அந்தச் சின்ன அறையில் கட்டிலே தெரியவில்லை. அத்தை கதவுப் பக்கம் வரப் பார்த்திருக்கிறார்கள். பாதியில் விழுந்து கிடந்தார்கள்.

உயிர் தப்பிவிட்டது. ஆனால் நெஞ்சு பழையபடி ஆகாது என்கிறார்கள். ஒரு வாக்கியம் பேசுவதற்குள் இரண்டு தடவை நிறுத்தி மூச்சு வாங்குகிறார்கள்.

ஆஸ்பத்திரியில் உங்கள் மாப்பிள்ளை டாக்டரிடம், “மச்சான் வரஞ்சதுலதான் எங்கயோ தப்பு” என்று சொன்னார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். இல்லை, மாற்றியது நான் என்று சொல்ல வாயைத் திறந்தேன். கட்டிலில் அத்தை கண் விழித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள் ஏணியைப் பிடித்ததால் வந்தது இது என்று அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வேன்? வாயை மூடிக்கொண்டேன். உங்களைக் காட்டிக்கொடுத்தேன்.

சித்ரா


மஸ்கட்
20-3-1995

அன்புச் சித்ரா,

மாப்பிள்ளையின் போன் வந்த பிறகுதான் உன் பிப்ரவரிக் கடிதம் கைக்கு வந்தது. இப்போது இரண்டாவதும் வந்துவிட்டது.

அழாதே. மாப்பிள்ளைக்குத் தனியாக எழுதிவிட்டேன். தவறு என்னுடையது, மண்டபத்தையோ வேலை செய்தவர்களையோ குறை சொல்ல வேண்டாம் என்று எழுதியிருக்கிறேன். நீ எதையும் சொல்லிக் கிளற வேண்டாம். நோயாளி மனுஷியிடம் போய், உங்களால்தான் என்று சொல்ல முடியுமா? நீ அந்த வீட்டில் வாழ வேண்டியவள். நான் கடல் தாண்டி இருக்கிறவன், என் தலையில் இருந்துவிட்டுப் போகட்டும்.

நான் வந்து பார்க்கிற வரைக்கும் மெஷினைப் போட வேண்டாம். அத்தைக்கு வேளாவேளைக்கு மருந்து கொடு.

அண்ணன்


பாளையங்கோட்டை
2-6-1995

தெய்வமாக இருக்கிற அண்ணனுக்கு,

வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. மற்ற வீட்டில் அண்ணன் தங்கை சீர்வரிசைக்குச் சண்டை போடுகிறார்கள். நீங்கள் எனக்காகப் பழியை வாங்கிக்கொண்டீர்கள்.

ஆனால் அந்தப் பழி ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. நேற்று மதினி வந்திருந்தாள். மதார் அண்ணாச்சி வேறு ஆளைப் பார்த்துக்கொண்டாராம். “தாணு நல்ல மனுஷன்தான், ஆனா கடைக்குள்ள பிள்ளைகுட்டியோட ஆளு வருதுல்லா” என்றாராம். அதைச் சொல்லிவிட்டு மதினி, “ஆடிக்கு வாறேன்னாங்க, இப்ப அந்தப் பேச்சே இல்ல” என்று முந்தானையை முறுக்கிக்கொண்டிருந்தாள். உங்கள் மகள் எங்கள் தட்டட்டியில் ஏறி அந்தப் பெட்டியைத் தட்டிப் பார்த்துவிட்டு, “இதத்தான் எங்கப்பா தப்பா போட்டாகளா அத்தை?” என்று கேட்டாள். முறுக்கு எடுத்துக் கொடுத்தேன். வெட்கம் கெட்டவள் நான்.

அத்தை இப்போது உட்கார்ந்தபடியேதான் தூங்குகிறார்கள். மண்டபத்துக்கு வருவதில்லை. ஒவ்வொரு இருமலுக்கும் ஓடிப்போய் முதுகைத் தடவிவிடுகிறேன். இதில் என்னைத்தான் அருமையாகப் பார்த்துக்கொள்கிறாள் என்று அக்கம்பக்கத்தில் புகழ்கிறார்கள். அண்ணனால் வந்த வினையைத் தங்கை தீர்க்கிறாளாம். அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொள்கிறேன்.

ஊருக்கு வரும் எண்ணத்தை விட்டுவிடாதீர்கள். ஒரு வழி செய்கிறேன்.

சித்ரா


மஸ்கட்
18-6-1995

சித்ரா,

கம்பெனியில் இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கேட்டார்கள். சரி என்று சொல்லிவிட்டேன், அடுத்த மாதம் கையெழுத்து. மதினிக்கும் எழுதியிருக்கிறேன். நீ எந்த வழியும் செய்ய வேண்டாம். என்னைத் தெய்வம் என்றெல்லாம் எழுதாதே.

அண்ணன்


சிவமயம்
பாளையங்கோட்டை
10-7-1995

அண்ணா,

சொல்லிவிட்டேன்.

உங்கள் சின்னக் கடிதம் வந்த அன்று மத்தியானம், அத்தைக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு, உங்கள் மாப்பிள்ளையையும் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னேன். அண்ணன் குறித்த இடம் மாமா படத்துச் சுவர். மேடைப் பக்கம் வேண்டாம் என்று காரணத்தோடு எழுதியிருந்தார். நான் படித்தேன். படித்தும் மாற்றச் சொன்னது நான் என்று சொன்னேன். ஏணியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஆனால் அத்தைக்கு ஞாபகம் இல்லாமல் போகுமா? சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.

உங்கள் மாப்பிள்ளை “இத அன்னைக்கே சொல்லியிருந்தா நான் மச்சானைக் கேக்காத கேள்வியெல்லாம் கேட்டிருக்க மாட்டேன்லா” என்றார்கள். போனில் உங்களை என்ன சொன்னார்கள் என்று எனக்கு இதுவரை தெரியாது. இப்போதும் சொல்லவில்லை. மறுநாள் தாமே மதார் அண்ணாச்சி கடைக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார்கள். அவர் வேலையை வேறு ஆளுக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். ஆனாலும் அடுத்த கிளை திறக்கும்போது உங்களைக் கேட்பதாகச் சொல்லியிருக்கிறார்.

அத்தை மட்டும் அன்றிலிருந்து என்னிடம் பேசவில்லை. மருந்து கொடுத்தால் குடிக்கிறார்கள். முகத்தைப் பார்ப்பதில்லை. எனக்கு வேண்டியதுதான்.

கம்பெனித் தாளில் இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்றால் போடாதீர்கள். உங்கள் பெயர் இப்போது சுத்தம்.

உங்கள் தங்கை,
சித்ரா


மஸ்கட்
26-7-1995

சித்ரா,

இந்தக் கடிதத்தை எழுதிக் கிழித்து, எழுதிக் கிழித்து, கடைசியில் இதை அனுப்புகிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டு.

என் பெயர் சுத்தம் இல்லை. பிப்ரவரியில், சுவரை உடைப்பதற்கு முன்னால், கொம்பையா பாளை பஸ் ஸ்டாண்டு பூத்திலிருந்து எனக்குப் போன் செய்தான். “அண்ணாச்சி, பெரியம்மா படத்தை எறக்க விடமாட்டேங்காவ. மேடைப் பக்கம் போட்டுறட்டா? நீங்க சிவப்புல போட்டிருக்கியளேன்னு கேக்கேன்” என்றான். அவன் கேட்டு முடிக்கும்போதே எனக்குப் புகை ஞாபகம் வந்தது. வந்தது சித்ரா, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். முடியாது என்று சொன்னால் அத்தைக்கு மனத்தாங்கல் ஆகும். மதுரைக் கம்பெனி ஆள் ஒருவன் ஏற்கெனவே மாப்பிள்ளையைச் சுற்றிக்கொண்டிருந்தான். ஊரில் எனக்கு முதல் வேலை இது, கைநழுவிப் போய்விடுமே என்று நினைத்தேன். “அவங்க சொன்ன மாதிரியே செய்யி வே. நான் வந்து பாத்துக்கிடுதேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். அத்தை அறைக்கு அன்பளிப்பாகப் போட்ட கிளை டக்ட் அந்த நேரத்தில் ஞாபகத்துக்கே வரவில்லை.

அன்றைக்கு நான் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் கொம்பையா உளியைக் கீழே வைத்திருப்பான். அத்தையிடம் நானே போனில் பேசியிருக்கலாம். படத்தை ஒரு முழம் மேலே ஏற்றி மாட்டியிருக்கலாம். எத்தனையோ வழி இருந்தது.

மாப்பிள்ளைக்குத் தவறு என்னுடையது என்று எழுதினேனே, அது உன்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் இல்லை. உண்மை. நீ அதைப் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டாய். நானும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். கொம்பையாவிடமும் போன் பேசியதை யாரிடமும் சொல்லாதே என்றேன். இன்னும் கேள். நீ தெய்வம் என்று எழுதிய கடிதத்தை இங்கே அறையில் கூட இருப்பவர்களிடம் வாசித்துக் காட்டினேன். தங்கை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்றார்கள். அன்றைக்கு என் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், பூரித்துப் போயிருந்தேன். படுத்த பிறகுதான் அருவருப்பாக இருந்தது.

மதார் அண்ணாச்சி வேண்டாம் என்றதால் நான் இங்கே தங்கிவிடப் பார்க்கவில்லை. அத்தை முன்னால் வந்து நிற்கத் தைரியம் இல்லை. அதுதான் காரணம். கையெழுத்துத் தாள் மேசையில் இருக்கிறது, இன்னும் போடவில்லை.

நீ சொல்லிவிட்டாய். உனக்கு இருந்த தைரியம் எனக்கு இல்லை. இதை யாரிடம் சொல்வது, சொல்லாமல் இருப்பது என்பது உன் இஷ்டம்.

தாணு


சிவமயம்
பாளையங்கோட்டை
12-8-1995

அண்ணனுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மார்ச்சிலிருந்து ஒவ்வொரு வாய்ச் சோற்றிலும் உங்களை நினைத்து நொந்துபோயிருக்கிறேன். நீங்கள் என்னவென்றால் என் கடிதத்தை வாசித்துக் காட்டிப் பாராட்டு வாங்கியிருக்கிறீர்கள். கையில் கிடைத்திருந்தால் கிழித்துப் போட்டிருப்பேன், கடிதத்தை அல்ல, உங்களை. கொம்பையாவைக் கூப்பிட்டுக் கேட்டேன். தலையைச் சொறிந்துகொண்டு நின்றான். அவனும் பாவம், யாருக்கென்று பயப்படுவான்.

இனிமேல் இந்த வீட்டில் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டதால், கடிதத்தை அத்தைக்கு முழுவதும் வாசித்தேன். நீங்கள் பூரித்துப் போனதையும் விடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பியே படுத்திருந்தார்கள். முடித்துவிட்டு மடித்து வைக்கும்போது திரும்பினார்கள். ஒரு மாதத்துக்குப் பிறகு என் முகத்தைப் பார்த்துப் பேசினார்கள்.

“ஏட்டி, நீ சொன்ன அன்னைக்கு எனக்கு ஒம்மேல கோவம் இல்ல” என்றார்கள். கொஞ்சம் நிறுத்தி மூச்சு வாங்கினார்கள். “ஏணியப் புடிச்சது நான்லா. அத நீ சொல்லாம விட்டயே, அதுதான் எனக்குத் தாங்கல. ஒங்க அண்ணன் பயலத் திட்டிக்கிட்டு நிம்மதியாக் கெடந்தேன், அந்த நிம்மதியும் போச்சு.” மறுபடியும் நிறுத்தினார்கள். “ஒரு ஓட்டைய மூணு பேருமால்லா சேந்து போட்டிருக்கோம். நான் படத்தை எறக்கச் சொல்லுதேன். நீ எடத்தைக் காட்டு. அவன் வந்து வேலையப் பாக்கட்டும். அங்கன ஒளிஞ்சிக்கிட்டுக் கெடந்தா எனக்கு மூச்சு வந்துருமா?”

அன்று சாயங்காலமே உங்கள் மாப்பிள்ளை மாமா படத்தை இறக்கினார்கள். இப்போது அது அத்தை அறையில், கட்டிலுக்கு எதிரே இருக்கிறது. மண்டபத்துச் சுவரில் படம் இருந்த இடம் மட்டும் பழைய சுண்ணாம்பு நிறத்தில் தெரிகிறது. கொம்பையா உளியோடு வந்து நின்றான். நீங்கள் வந்துதான் ஓட்டை போட வேண்டும் என்று அத்தை விடவில்லை. ஆவணி முகூர்த்தங்களுக்குச் சன்னலைத் திறந்து வைத்துச் சமாளித்துக்கொள்கிறோம். வியர்க்கிறவர்கள் விசிறிக்கொள்ளட்டும்.

அத்தை மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு வராதீர்கள். வந்தால் கேட்பார்கள். மூச்சு வாங்கி வாங்கி, நிறுத்தி நிறுத்திக் கேட்பார்கள், அதைக் கடைசி வரைக்கும் நின்று கேட்க வேண்டும். என் கோபமும் தீரவில்லை, அதையும் வீட்டுக்கு வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம். அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். மதினியிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை, அது உங்கள் பாடு.

வந்து அத்தை முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள். நான் பக்கத்தில் நிற்கிறேன்.

சித்ரா